பிறப்புக் கோடு

எர்ணாவூரில் கல் கொட்டிய கரையில்
இரண்டு பாறைக்கு நடுவே சிக்கிக் கிடந்தது ஓங்கில்.
பெண். எட்டடிக்கு இரண்டு விரல் குறைவு.
ஜேசிபி வருவதற்குள் முடிக்கச் சொன்னார் வனக்காவலர்.
எட்டியப்பன் வாயைப் பிளந்து பிடித்துக்கொள்ள
கீழ்த்தாடை, இடப்பக்கம், நடுவில் ஒரு பல்.
அதற்கு மட்டும்தான் நேரம் இருந்தது.

படிவத்தில் இனம் எழுதினேன், நீளம் எழுதினேன்.
வயது என்ற கட்டம் காலியாகவே
என்னோடு பஸ் ஏறியது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வாள் பழுது.
புதிது கேட்டு எழுதிய கடிதத்துக்கே மூன்று வயது.
பழைய வண்ணாரப்பேட்டையில்
மாடிப்படிக்குக் கீழே பல்செட் கட்டும்
தாவூத் கனியிடம் போனேன்.
"யாருக்கு?" என்றார்.
சொன்னேன்.
விரலில் உருட்டிப் பார்த்தார்.
"மெல்லுற பல் இல்ல இது, புடிக்கிற பல்."
வைர வட்டு சுற்ற, தண்ணீர் சொட்ட,
நடு நரம்பு தப்பாமல் நீளவாக்கில் இரண்டாக்கினார்.
காசு வாங்கவில்லை.
ஒரு பாதியை வாங்கிக்கொண்டார்.

எறும்பு கடித்தால் எரியுமே,
அந்த அமிலத்தில் ஒரு ராத்திரி.
காலையில் கழுவிக் காயவைத்து
பள்ளிக்கூடப் பென்சிலால் லேசாகத் தேய்த்தேன்.
கரி ஏறிய மேடு. ஏறாத பள்ளம்.
மறுபடி மேடு.

மரம் மாதிரியா என்று கேட்பார்கள்.
இல்லை. மரம் வெளியே பெருக்கும்,
இந்தப் பல் உள்ளே அடைக்கும்.
காசிமேட்டில் ஒற்றை அறை வீட்டை
வருஷா வருஷம் உள்பக்கமாகவே பூசிக்கொண்டு வந்தால்
பழைய சுவர் வெளியே, புதுப் பூச்சு உள்ளே,
நிற்கிற இடம் குறைந்துகொண்டே போகும்.
ஒரு நாள் அறையே இருக்காது.
அதற்குப் பின்னும் அது நீந்தும், இரை பிடிக்கும்,
குட்டியை மூச்சுக்காக மேலே தள்ளும்.
எழுத இடமில்லாத வருஷங்கள் அவை.

எல்லாவற்றுக்கும் வெளியே, மூடிக்கு அடியில்
மயிரிழையாய் ஒரு கோடு.
அதற்கு அந்தப் பக்கம் தாயின் ரத்தத்தில் கட்டிய பல்.
இந்தப் பக்கம் வாய் தேடிக் குடித்த பால்.
நடுவில் உடம்பு திகைத்து நின்ற சில நாள்.

எண்ணினேன். இருபத்து மூன்று.
மூடி வைத்து, டீ குடித்து, மறுபடி: இருபத்தைந்து.
மறுநாள் வேறு ஜன்னல், வேறு வெளிச்சம்: இருபத்து நான்கு.
மூன்றையும் எழுதி அனுப்பினேன்.
'ஒரே எண் தேவை' என்று திரும்பி வந்தது.
பதினொன்றாவது வரி மட்டும் தடித்துக் கறுத்திருந்ததை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஈன்ற வருஷமா, பட்டினி வருஷமா,
துறைமுகத்து எண்ணெய் மூக்குத்துளையில் ஏறிய வருஷமா?
எனக்குத் தெரியவில்லை.
தெரிந்த மாதிரி சொல்லவும் வரவில்லை.

என் பிறந்த நாள் ஜூன் ஒன்று.
தலைமையாசிரியர் பேனா போட்ட நாள் அது.
வகுப்பில் பதினோரு பேருக்கு அதே நாள்.
அம்மாவைக் கேட்டால்
கால்வாய்த் தண்ணி வாசப்படி ஏறின ராத்திரி என்பாள்.
எந்த வருஷம்?
"அது வருஷா வருஷந்தான் ஏறும்."

முதல் கடைவாய்ப்பல்லில் மனிதருக்கும் அந்தக் கோடு உண்டு.
எனக்கு அது சொத்தை. ராத்திரியில் தெறிக்கிறது.
"புடுங்கினா கொண்டாங்க, அறுத்துப் பாக்கலாம்" என்கிறார் தாவூத் கனி.
பார்க்கலாம்.
பிறந்தது நிஜம் என்று அதில் இருக்கும்.
தேதி இருக்காது.

நேற்று அவர் கண்ணாடிப் பெட்டியில்
மேல்வரிசை கீழ்வரிசைகளுக்கும்
இளஞ்சிவப்பு ஈறுகளுக்கும் இடையே
பஞ்சின் மேல் இருந்தது அந்தப் பாதி.
அளவு கொடுக்க வந்த ஒருவர் கேட்டாராம்
இது யாருடையது என்று.

"எர்ணாவூர்ப் பொம்பள. வயசு இருபத்தி நாலு.
மீதி செட்டு வாங்க வரல."