மெல்லிய உறை

ரேமண்ட் க்லூலோ, இடது கைச் சுழல்.
டெர்பிஷயருக்குப் பதினோரு கோடைகள்.
மட்டை பிடிக்கக் கடைசி ஆளாய் இறங்குவான்;
பேடு கட்டிய நேரத்தில் பாதிகூட நிற்கமாட்டான்.

பந்து கைக்கு வந்தால் வேறு மனிதன்.
அடிக்க விடமாட்டான். அவ்வளவுதான் வித்தை.
செஸ்டர்ஃபீல்டில், முறுக்கிக்கொண்டு நிற்கும்
தேவாலயக் கோபுரத்துக்கு முதுகு காட்டி
நான்கே எட்டில் ஓடி வருவான்.
ஸ்கோர் எழுதும் எடித் புள்ளி வைப்பாள்.
புள்ளி. புள்ளி. இன்னொரு புள்ளி.
தமிழில் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி விழுந்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும்.
எதிரே மட்டையோடு நின்றவர்களுக்கும்
கிட்டத்தட்ட அப்படித்தான்.

செப்டம்பரோடு சம்பளம் நிற்கும்.
ஒரு குளிர்காலம் நிலக்கரி மூட்டை,
ஒன்றில் பியர் பீப்பாய்,
இரண்டில் ஒன்றுமே இல்லை.
விரல் வெடிக்காத வேலை தேடித் தேடி
கடைசியில் தபால் நிலையம்.
டிசம்பர் மட்டும். தற்காலிகம்.

எழுபத்தொன்பது. வெளியே பனி. விடிகாலை நாலரை.
கிறிஸ்துமஸ் அட்டைகளைத் தெருவாரியாகப் பிரிக்கையில்
கைக்கு வந்தது அது.
ரோஜாவும் கிரீடமும் பதித்த கவுண்டி முத்திரை.
பெயர் அவனுடையது.
ஒப்பந்தம் என்றால் உறை தடிக்கும்.
ஐந்தே முக்கால் அவுன்ஸை உருட்டியே
வாழ்ந்த கைக்கு
எடை தெரியாதா?

பையின் அடியில் போட்டான்.
ஹோல்கேட் தெருவில் இரட்டை எண்கள், பிறகு ஒற்றை.
நாய் இருக்கும் இருபத்தேழு.
திருமதி ப்ராம்லிக்கு எரிவாயு பில்.
கனடாவிலிருந்து யாருக்கோ பார்சல்; கையெழுத்து வேண்டும்.
படிக்கட்டில் உப்புத் தூவிக்கொண்டிருந்தவர் கேட்டார்,
"அடுத்த வருஷம் எப்படி, ரே?"
"பிட்ச் காயட்டும், பார்க்கலாம்."

கடைசியாகத் தன் வீடு.
சாவி சட்டைப்பையில்தான் இருந்தது.
ஆனாலும் கதவின் பித்தளை வாயைத் திறந்து
உள்ளே தள்ளினான்,
ஊருக்கெல்லாம் தள்ளியதுபோல.
விழுந்த சத்தம் ரொம்பச் சின்னது.

மேவிஸின் செருப்பொலி நடைவரை வந்தது. நின்றது.
உறை கிழிகிற ஓசை வரவில்லை.
தாழ்ப்பாள் நகரவும் இல்லை.
பால்காரன் வைத்துப்போன புட்டிகளில்
மூடியை முட்டிக்கொண்டு நின்றது உறைந்த பால்.
குனிந்து இரண்டையும்
சுவரோரம் தள்ளி வைத்தான்.

பத்தரைக்கு இரண்டாவது சுற்று.
பையை நிரப்பப் போக வேண்டும்.