பாலத்துக்கு இந்தப் பக்கம்

இரவு இரண்டுக்கு வண்டியைக் கிளப்பி
டொப்பிலா தொடங்கி ரயில் நிலையம் வரை
ஓவுலுவின் தெருக்களைப் பனிக்குள்ளிருந்து
தோண்டி எடுத்துக் கொடுப்பவள் நான்.
பத்து மணிக்கு வீடு.
வெளிச்சம் என்ற பேரில் ஜன்னலில் ஏதோ ஒன்று.
காலுறையைக் கணப்பின் மேல் போட்டுவிட்டுக்
கணினியைத் திறந்தால்
புல்.

முழங்கால் உயரப் புல்!
ஜனவரியில் இதைப் பார்க்கவே
மாதச் சந்தா கட்டலாம்.

பெயர் கேட்டது. சிர்க்கா என்றேன்.
அது போய்விட்டதாம்.
என்னை முந்திக்கொண்ட ஒரு சிர்க்கா
இந்நேரம் எங்கோ
டிராகனோடு மல்லுக்கு நிற்கிறாள் போல.
நான் சிர்க்கா-41.
கையில் மரக்கத்தி, பையில் அரை ரொட்டி.

ஓடையருகே மாவு மில்காரன்,
தலைக்கு மேல் அவனுக்கொரு விளக்கு எரிகிறது.
‘காட்டுப்பன்றிக் கோரைப்பல் பத்து கொண்டு வா.’
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
‘இன்னும் பத்து.’
எங்கள் பணிமனையிலும் இப்படி ஒருவர் உண்டு,
விளக்குதான் இல்லை.

‘அதெல்லாம் இருபது நிமிஷ வேலை,
பாலத்தைத் தாண்டு, ஆட்டமே அங்கேதான்’
என்கிறான் மெக்கானிக் உர்போ.
மூன்று வாரமாகிறது.
தாண்டவில்லை.

ஓரம் தெரியாதவளுக்குத் தெரு தெரியாது.
பனி மூடிய நடைபாதை விளிம்பைக்
கத்தியின் அதிர்வில் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.
அதனால் ஓரமாகவே நடந்தேன்.
வரைந்து வைத்த மலைகளில் முட்டி,
கால்கள் மட்டும் ஓட
நின்ற இடத்திலேயே நின்றேன்.
தேன்கூடு ஒன்றில் ஓசை உண்டு, தேனீ இல்லை.
அருவிக்குப் பின்னால்
பாறைக்குள் பாதி புதைந்து ஓர் ஆடு.
எவனோ அவசரத்தில் வைத்த பிழை.
அசை போட்டுக்கொண்டிருந்தது,
தன்னிடம் குறையேதும் இல்லாதது மாதிரி.

அங்கேதான் அவன் வந்து சேர்ந்தான்.
‘வழி தவறிட்டேன்’ என்று எழுதினான்.
‘நானும்’ என்றேன். பொய்.
பெயர் தாமதி.
நியூசிலாந்தின் தென்கோடி, இன்வர்கார்கில் பக்கம்
கொட்டகையில் கம்பளி தரம் பிரிக்கிறவன்.
அங்கே கோடை, இரவு பத்தாகியும்
வானம் கறுக்க மாட்டேன் என்கிறதாம்.
எனக்கு அப்போதுதான் விடிந்தும் விடியாமல்.
உன் மிச்சத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு என்றேன்.

ஆட்டைக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தான்.
‘மயிர் கத்தரிக்க வேண்டிய பருவம்’ என்றான்.
மேசையில் காபி சிந்தும்படி சிரித்தேன்,
தனி வீட்டில், காலை பதினொன்றுக்கு.

அதன்பின் ஓநாய்கள் எங்களைத் தின்றன.
கல்லறைத் தோட்டத்தில் எழுந்து
மறுபடி போய் மறுபடி தின்னக் கொடுத்தோம்.
ஒன்பது முறை. சாவை எண்ணியவன் அவன்.
வேலையில் யாரோடும்
ஒன்பது வார்த்தை பேசியதில்லை நான்.

வெள்ளிக்கிழமை சொன்னான்:
திங்கள் முதல் மலைக்கொட்டகை, ஆறு வாரம்,
அங்கே சிக்னல் கிடையாது.
சரி, கடைசிப் பன்றியைப் பிடிப்போம் என்று விரட்டினோம்.
அது நேரே பாலத்தில் ஏறியது.
பின்னாலேயே அவன்.
‘நில்’ என்று அடிக்கிறேன்,
கையுறை போட்டுப் போட்டு மரத்த விரல்,
‘நி’ மட்டும் போனது.

நடுப்பாலத்தில் அவன் உருவம்
ஒரு கணம் கண்ணாடியாகி
இல்லாமல் போயிற்று.
அந்தப் பக்கம் வேறு நிலம், வேறு சர்வர்.

நான் கைப்பிடிச் சுவரோரம் நின்றேன்.
கீழே ஓடை
ஒரே அலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தது.
மேசையில் தொலைபேசி ஒளிர்ந்தது:
இன்றிரவு இருபது சென்டிமீட்டர், காற்றோடு.

கொஞ்ச நேரத்தில்
பன்றி மட்டும் திரும்பி வந்தது.
எல்லை தாண்டினால் அவை திரும்பிவிடும்,
அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.
என்னைக் கடந்து
மில் பக்கமாக நடந்தது.
கத்தியை உருவவில்லை.
மில்காரனுக்கு இன்னும் ஒரு பல் பாக்கி.