துப்ளி விரிகுடா, வெள்ளிக்கிழமை

பழைய சாமான் சந்தையில்
ஆறு தினாருக்கு பைனாகுலர்.
ஒரு கண் மங்கல்.
“பைத்தியம்” என்றான் பிலவேந்திரன்
போர்வைக்குள்ளிருந்து.

பதினோரு வருடம் துறைமுகத்தில்
நான் எண்ணியதெல்லாம்
அடுத்தவர் பெட்டிகள்.
இங்கே சேற்றோரம்,
டெலிவரி நோட்டின் பின்பக்கத்தில்
எனக்கென்று ஒரு கணக்கு:
பூநாரை நாற்பது,
உள்ளான் மூன்று,
பெயர் தெரியாதது ஒன்று.

அந்த ஒன்றுக்காக
மூன்று வெள்ளி வெயிலில் நின்றேன்.
நான்காவதில் நெருங்கி வந்தது.
அலகு வானம் பார்த்து வளைந்திருந்தது.
வெகுநாள் கழித்து
யாரிடமாவது ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

போனில் செல்வமதி கேட்டாள்:
“இந்த வருஷம் எவ்வளவு சேர்ந்துச்சு?”
யோசிக்காமல் சொன்னேன்,
“அறுபத்தெட்டு.”

கொஞ்சநேரம் சத்தமில்லை.
“எல்லாம்
அந்தச் சேத்துலயா?”