பொருள்: நான் எரிக்காத விளக்குகள் தொடர்பாக

ஐயா,
இது என் மூன்றாவது மனு.
முதல் மனுமேல் முத்திரை வைத்தீர்கள்.
இரண்டாவதன்மேல் யாரோ டீ கிளாஸை வைத்தார்கள்.
இரண்டும் வட்டமாகத்தான் இருந்தன.

நீடாமங்கலம். ரயில்வே கேட் போட்டால்
லாரிகள் என் வாசல்வரை வந்து நிற்கும் தெரு.
கதவு எண் பதினேழு, பின்கட்டு.
இணைப்பு இன்னும் அப்பா பேரில்.
அவர் போய் ஒன்பது வருஷம்.
போன வாரம் வந்த குறுஞ்செய்திப்படி
உங்களுக்கு அவர்
பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய் பாக்கி.

எரித்தது அவரல்ல.
குடியிருந்தவன் பேர் ஞானசெல்வம்.
அறுப்பு முடிந்த வயல்களில்
கொரடாச்சேரி, கூத்தாநல்லூர் என்று
ஆயிரம் வாத்தோடு அலைகிறவர்களுக்குக்
குஞ்சு பொரித்துக் கொடுப்பது தொழில் என்றான்.
நான் கேட்டது ஒன்றுதான்: நாற்றம் வருமா?
வராது என்றான்.
வந்தது.

இருபத்தெட்டு நாள், ஒரே சூடு.
தெர்மோகோல் ஒட்டிய மரப்பெட்டிக்குள்
குண்டு பல்புகள்
அடைக்கோழிக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தன.
கரண்ட் போனால்
பெட்டிமேல் கம்பளி போர்த்தி
அவனும் லூர்துமேரியும் பக்கத்திலேயே படுப்பார்கள்,
ஜுரக்காரப் பிள்ளைக்குப் படுப்பதுபோல.

சித்திரையில் ஒரு விடிகாலை
பெட்டியோடு போய்விட்டான்.
சாவி பூட்டிலேயே தொங்கியது.
போனில் சொன்னான்:
"அண்ணே, என் பெட்டி தின்னதுக்குக் கணக்கு இருக்கு.
நாலாயிரத்துக்கு மேல ஒரு பைசா என்னுது இல்ல."
மீட்டர் பொய் சொல்லுமாடா என்றேன்.
ஒரு குயர் நோட்டில் எழுதியிருக்கிறானாம்
தினமும், பல்பு எத்தனை, மணி எத்தனை என்று.
'வாத்துக்காரன் கிறுக்கல்' என்று
முதல் மனுவில் குறிப்பிட்டிருந்தேன்.
அந்த வரியை வாபஸ் பெறுகிறேன்.

ஏனென்றால், புதன்கிழமை
உங்கள் லைன்மேன் பக்கிரிசாமி வந்து
செருப்பைக் கழற்றாமல் பின்கட்டுக்குப் போய்
ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார்.
மாடியிலிருந்து என் மனைவி கத்தினாள்:
"மோட்டார் நின்னுபோச்சுங்க!"

கேட் போட்டிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸுக்கு எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
லாரிகளெல்லாம் அணைத்துவிட்டு நின்றன.
அவ்வளவு அமைதியில்
பக்கிரிசாமி என் முகத்தைப் பார்க்காமல்
சுவரில் ஏறும் ஒயரைப் பார்த்தார்.
ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்பு அடிக்கையில்
அதையும் சேர்த்தே அடித்திருக்கிறோம்.

அப்பா இழுத்தது.
ஆற்றில் தண்ணீர் வராத ஓர் ஆடியில்
போர் போட்ட வருஷம்.
எனக்குத் தெரியாது என்று எழுதத்தான்
இந்தத் தாளை எடுத்தேன்.
மேலே ஓரிடத்தில் அடித்திருப்பது அதுதான்.
மன்னிக்கவும், வேறு தாள் இல்லை.

ஞானசெல்வத்துக்கு முன்னால் ஒரு டீச்சர் இருந்தார்.
ஒரு தடவை கேட்டார்,
"ஒத்தை லைட்டு, ஒத்தை ஃபேனுக்கு இவ்வளவா சார்?"
பழைய ஃபேன் அப்படித்தாம்மா இழுக்கும் என்றேன்.
புதுசு வாங்கி மாட்டினார்.
மாற்றலாகிப் போகும்போது கழற்றவில்லை.
இப்போது என் கூடத்தில் சுற்றுகிறது.

ஆகவே, ஐயா,
ரத்து செய்யக் கேட்டதை ரத்து செய்கிறேன்.
இரண்டு தவணை கேட்கிறேன்.
மோட்டாரை என் மீட்டருக்கு மாற்ற
எந்தப் படிவம் என்று தெரிவிக்கவும்.
அவன் இப்போது வலங்கைமான் பக்கம் என்கிறார்கள்.
நேற்று போன் அடித்தேன்.
ஏதோ மாதா பாட்டு முழுசாகப் பாடி ஓய்ந்தது.

பின்கட்டைப் பெருக்கும்போது
மூலையில் ஒரு முட்டை கிடந்தது.
லேசாக நீலம் பாய்ந்தது.
குலுக்கிப் பார்க்கவில்லை.
மனைவி குடத்தோடு
தெருக்குழாய்க்குப் போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
காலமான நுகர்வோர் கலியபெருமாள் மகன்
வடுகநாதன்.

இணைப்பு: மீட்டர் அட்டை,
கரையான் தின்றதுபோக.