அச்சுகளை எண்ணுவதில்லை

மாலையில் நான் எண்ணுவேன்.
திராட்சைக் குலை நாற்பது,
நீலப்பூ இதழ் இருநூற்றுப் பன்னிரண்டு,
கண் முப்பது; அதில் இடக்கண் மூன்று அதிகம்.
உடைந்த பானை ஓட்டில் எழுதி
மேலாளர் இப்பியிடம் நீட்டினால்
ரொட்டியும் பியரும் வரும்.

ஒரு மணி குறைந்தாலும்
பெண்கள் பின்னலை அவிழ்த்து உதற வேண்டும்.
ஒருமுறை ஒருத்தியின் கடைவாயில்
தாமரை மொட்டு அகப்பட்டது.
பிறகு அவளை நாங்கள் பார்க்கவில்லை.

அச்சுகள் வேறு.
கட்டைவிரல் அகலச் சுட்ட மண்,
ஆற்று வண்டல், முதுகில் செய்தவளின் ரேகை,
வயிற்றில் ஒரு குழி.
குழிக்கு ஏது விலை?
விரிசல் விட்டால் வாசலில் எறிவோம்,
கழுதை மிதித்துப் போகும்.

ஹெனுத்துக்குப் பெஸ் அச்சு.
பொடித்த வெண்கல், ஏரி உப்பு, செம்புத்துரு குழைத்த பசையை
உள்ளங்கை அடியால் ஒரே அழுத்து;
நாக்கைத் துருத்திக்கொண்டு வெளியே வருவார் குள்ளச் சாமி,
தொட்டிலை அண்டும் பாம்பை மிரட்ட.
வெளிறிப்போயிருப்பார். சூளைதான் நீலமாக்கும்.
அவள் அச்சுக்குள் நகம் பட்ட கீறல் ஒன்று உண்டு,
அதனால் அவள் கைப் பெஸ் அத்தனை பேருக்கும்
கன்னத்தில் மேடாக ஒரு தழும்பு.
சந்தையில், படகுத்துறையில்,
யார் யார் பிள்ளைகளின் கழுத்திலோ
அந்தத் தழும்பைப் பார்த்திருக்கிறேன்.

அறுவடைக் காய்ச்சலில் அவள் மகன் போனான்.
பல் முளைக்காதவன். கழுத்தில் வெறும் நூல்.
மூன்றாம் நாள் வேலைக்கு வந்தாள்.
அன்று பெஸ் அறுபத்து நான்கு. எண்ணிக்கை சரி.
பின்னலை உதறினாள்: மணல்.

மறுநாள் கூடையில் வந்தவர்களை
விளக்கருகே ஒவ்வொருவராகத் திருப்பினேன்.
கன்னம் வழுவழுவென்றிருந்தது.
அச்சுக் கூடையைத் தரையில் கவிழ்த்துத் தேடினேன்.
ஹெனுத் நிமிரவில்லை;
புது அச்சொன்றின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கிழக்குக் குன்றடியில்
பானைக்குள் முழங்கால் மடக்கிக் கிடப்பவனுக்கு
அவளால் கொடுக்க முடிந்தது
சாமி அளவில் ஒரு குழி.
நாக்கு இருக்கவேண்டிய பள்ளம்கூட அதில் இருக்கும்.
அங்கே வெள்ளம் ஏறாது, வண்டல் வந்து நிரப்பாது.
மணல் நிரப்பும். மணலுக்கு
எந்த முகமும் நிற்காது.

ஓட்டில் எழுதினேன்:
பெஸ், ஐம்பத்தெட்டு. குறைவு இல்லை.
இப்பி கவிழ்ந்த கூடையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
பியர் அன்று புளித்திருந்தது.
குடித்தேன்.