புள்ளிக்கு அனுமதி இல்லை

முக்கூடல் பீடிப் பெண்களின் கடன் சங்கத்துக்கு
வண்ணார்பேட்டை மாடியறையில்
மூன்று வாரமாய் ஒரு வாசல் கட்டினேன்.
பெயர், பிறந்த தேதி, கைபேசி, கடவுச்சொல்.
விடக்கூடாத கட்டத்துக்கெல்லாம் சிவப்பு நட்சத்திரம்.

சோதித்துப் பார்க்க முதலில் வந்தவள் உச்சிமாகாளி.
இலை வெட்டும் கத்தரியைப் பைக்குள் போட்டு
புகையிலைத் தூள் விரலை முந்தியில் துடைத்து
ஒவ்வொன்றாய்த் தட்டினாள்.
‘செல்லாத எழுத்து உள்ளது’
என்றது என் படிவம்.

எழுத்தைத் தவிர எதையும் உள்ளே விடாதே என்று
நான்தான் ஒரு வரி எழுதியிருந்தேன்.
அதன் கணக்கில்
புள்ளி எழுத்தில்லை,
கால் எழுத்தில்லை,
மேல்விலங்கும் இல்லை.
உ ச ச ம க ள
இவ்வளவுதான் படி தாண்டலாம்.

“எம் பேருல என்னட்டி குத்தம்?”
கோபமெல்லாம் இல்லை அவளுக்கு.
ரேஷன் கடையில், பேங்கில்
குறுக்கிக் கொடுத்துப் பழக்கம்.
“வேணும்னா உமான்னு போட்டுக்கோ.”

அதிலும் ஒரு கால் இருந்தது.

கீழே ஜங்ஷன் பஸ்காரன் ஹாரனை விடவே இல்லை.
வாங்கி வைத்த டீ ஆடை கட்டியது.
அந்த வரியில் ஒரே ஒரு குறியைச் சேர்த்தேன்;
அதைத் தேடத்தான் ஒன்றரை மணி நேரம்.
பேர் முழுசாய்ப் போனது.

அடுத்து கடவுச்சொல்.
“யார்ட்டயும் சொல்லாத ஒண்ணைப் போடுங்க” என்றேன்.
“அப்படி என்ன இருக்கு எங்கிட்ட” என்று சிரித்தவள்
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
பிறகு, நிற்காமல் தட்டினாள்.

திரையில்
புள்ளி, புள்ளி, புள்ளியாய்
பதினாலு.

எட்டு போதும் என்றுதான் எழுதியிருந்தேன்.