கால் பார்

ருஸ்தாவியில், எஃகு ஆலையின் பின்சுவரை ஒட்டி என் பட்டறை.
டிசம்பர் காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது.
டர்போவுக்கு விருந்து.
எனக்கு அதுதான் பயம்.

கோச்சா கேட்பது ஒன்று புள்ளி நான்கு.
வண்டியில் இருப்பது பூஜ்யம் புள்ளி ஒன்பது.
இடையில் அரை பார்.
"என் மைத்துனன் அவ்வளவுதான் வைத்திருக்கிறான், நத்தேலா."
அந்த வண்டி இப்போது எங்கே?
"ஷெட்டில்."
எத்தனை மாதமாய்?
கையுறையைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டான்.

முதல் நாள் எதையும் ஏற்றவில்லை.
சோப்புத் தண்ணீர் தொட்டு
ஒவ்வொரு ரப்பர்க் குழாயின் கழுத்திலும் பூசினேன்.
ஓரிடத்தில் நுரை கண் திறந்தது.
கிளிப்பை இறுக்கினேன், மூடிக்கொண்டது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
இங்கே செல்லாது.
இருபுறமும் படுத்துக் குத்துவிடும் நான்கு சிலிண்டர்;
முழங்கை தோலுரிய நான்கு பிளக்கையும் கழற்றினேன்.
மூன்று, பால் கலந்த காப்பி நிறம்.
நான்காவதின் வெள்ளைப் பீங்கானில்
மிளகைத் தூவினாற்போல் கரும்புள்ளிகள்.

எந்த பங்க்?
"எல்லாரும் போடுகிற பங்க்தான்."
டேங்கைக் கவிழ்த்தேன்.
என் கேனிலிருந்து தொண்ணூற்றெட்டு ஊற்றினேன்.
விலையைச் சொன்னபோது
சாமியைக் கூப்பிட்டான்.

உருளைகளின்மேல் வண்டி பறந்தது,
ஓரடி நகராமல்.
என்ஜின் உடம்பில் முடுக்கிய செம்புக் குழாய்
என் காதுவரை வந்திருந்தது.

ஒன்று.
வெறும் இரைச்சல், நல்ல இரைச்சல்.
ஆறவிட்டேன். இன்டர்கூலர்மேல் உள்ளங்கை
பத்து எண்ணும்வரை தாங்கியது.
ஒன்று புள்ளி ஒன்று.
கலவை குறையவில்லை, முள் ஆடவில்லை.
ஒன்று புள்ளி ஒன்று ஐந்து.
மறுபடி ஆறவிட்டேன். கோச்சா சிகரெட்டை
பற்றவைக்காமலே கடித்துத் தீர்த்தான்.

ஒன்று புள்ளி இரண்டில்,
ஐயாயிரம் சுற்றில்,
அடுத்த வீட்டு ஜன்னலில் யாரோ
நகத்தால் ஒருமுறை

டிக்.

காலை எடுத்துவிட்டேன்.

"ஒரு டிக்தானே!"
ஆமாம், ஒன்றுதான்.
பிஸ்டன் இரண்டாம் முறை சொல்லும்போது
வாயால் சொல்லாது.

ஒன்று புள்ளி ஒன்று ஐந்துக்கு இறங்கினேன்.
தீப்பொறியை இரண்டு பாகை பின்தள்ளினேன்.
ஒன்று கால் தாண்டினால் பெட்ரோலை நிறுத்து என்று
கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதினேன்.
ஆக மொத்தம் ஏறியது கால் பார்.

அரை கேட்டவன்
பாதிக் காசை மேசைமேல் வைத்தான்.
"பாதி ஏற்றினாய், பாதி வாங்கிக்கொள்."
நான் பேசவில்லை. சாவியை நீட்டி
கால் பார்த்து மிதி என்றேன்.

பாலத்தில் அவன் கியர் மாற்றுவது கேட்டது.
இரண்டு, மூன்று, நான்கு.
ஆற்றுக்கு அப்பாலும் கேட்டுக்கொண்டே நின்றேன்,
வராத ஒரு சத்தத்தை.

சனிக்கிழமை மாலை
கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்
மைத்துனனின் வண்டியை.
பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி,
என்னைப் பாராமல், மைத்துனன்.
முன்னால்
மூச்சிரைக்காமல் இழுத்து வந்தது
கோச்சாவின் கால் பார்.